நாலாவது இடம்: லூர்து அக்கா வீட்டு மாடி

பிப்ரவரி 2, திங்கள்

பனி. படப்பை வரைக்கும் எதிரே வருகிற வண்டி தெரியவில்லை. ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார்.

லேபுக்குள் நுழைந்ததும் ரா. சார் கூப்பிட்டார். அவர் லேப், அவர் சொல்வதுதான் வேலை. ஒரகடம் தாண்டி இருக்கிற அந்த ஃபவுண்டரி, இரும்பு உருக்கி வண்டிக்குப் பாகம் வார்க்கிற கம்பெனி, இன்னும் இரண்டு உலை போடப் போகிறது. அதற்கு மாசு வாரியத்தில் அனுமதி வாங்கணும். அனுமதிக்குக் காற்று அறிக்கை வேணும். சுற்றி ஆறு இடத்தில் மெஷின் வைத்துத் தூசு எடுக்கணும். மூணு வருஷம் முன்னாடி எடுத்த அதே ஆறு இடம், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும் என்றார்.

லிஸ்ட்:

1. கம்பெனி மெயின் கேட்
2. கேன்டீன் மாடி
3. பஞ்சாயத்து ஆபீஸ்
4. லூர்து அக்கா வீடு, மொட்டை மாடி
5. பள்ளிக்கூடம்
6. ஏரிக்கரை பம்பு ரூம்

நாலுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். சார் கவனிக்கவில்லை. "அங்க அந்தம்மா நல்லா கோஆபரேட் பண்ணுவாங்க இல்ல" என்றார். ஆமாம் சார் என்றேன்.

வேறு: கேஸ் புக் பண்ணணும். பாப்பாவுக்கு ஜியோமெட்ரி பாக்ஸ், பரீட்சை வருகிறது. துவரம்பருப்பு.

மூணு வருஷமாக அந்தப் பக்கமே போகாமல் தப்பித்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி விலக ஒன்பது மணி ஆயிற்று. டிரைவர் முருகேசன் அண்ணனும் நானும். பின்னால் ஆறு மெஷின், ஆறு ஸ்டாண்டு, வயர் சுருள். தூசு பிடிக்கிற பேப்பர் பெட்டி என் மடியில். முருகேசன் அண்ணனுக்குத் திருநெல்வேலிப் பக்கம். "என்ன மேடம், இன்னைக்கு வாயே திறக்கலியே" என்றார் இரண்டு தடவை.

முதல் மூன்று இடம் சீக்கிரம் முடிந்தது. நாலாவதுக்குப் போகிற தெரு அடையாளம் தெரியவில்லை. சிமெண்ட் ரோடு. இரண்டு பக்கமும் வடநாட்டு ஆட்களுக்கு வாடகை ரூம்கள், கொடி முழுக்க நீல யூனிஃபார்ம்.

கதவு திறந்தது ஆரோக்கியசாமி அண்ணன், அக்காவின் வீட்டுக்காரர். பாதியாகிவிட்டார். செக்யூரிட்டி சட்டை தோளில் தொங்குகிறது. "வாம்மா. காத்து பாக்க வந்த பொண்ணு தானே நீ" என்று பார்த்தவுடன் சொன்னார்.

உள்ளே மாதா படம். பக்கத்தில் அக்கா படம். மாலை. சின்ன சிவப்பு பல்பு.

எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. எனக்கு எதற்குச் சொல்லப்போகிறார்கள்.

போன வருஷம் தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால், போய்விட்டாளாம். முதலில் வறட்டு இருமல், அப்புறம் நாலு படி ஏறினால் மூச்சு, அப்புறம் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். நுரையீரல் சுருங்கிப் போச்சு என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். வீட்டில் யாருக்கும் பீடி பழக்கம் கூடக் கிடையாது. அவர் சொன்னபோது குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. பல தடவை சொல்லிப் பழகின குரல்.

நான் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அதைச் சொன்னார், சாதாரணமாக, என்னைப் பெருமைப்படுத்துகிற மாதிரி:

"அப்போ ஊர்ல கம்பெனி மேல மனு எழுதினாங்க. கையெழுத்து கேட்டு வூட்டாண்ட வந்தாங்க. இவ போடல. மெஷின் வெச்ச பொண்ணு என்னாண்ட சொல்லிச்சு, காத்து நல்லா கீதுன்னு, அது பொய் சொல்லாதுன்னுட்டா. இவளே போடலன்னதும் தெருவுல பாதி பேரு போடல."

தண்ணீர் கேட்டேன். மருமகள் ஜெனிபர் சொம்பில் கொண்டு வந்தாள். இடுப்பில் குழந்தை, பெண், ஒரு வயசு இருக்கும்.

மெஷினை அவரே தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். நான் தூக்கினால் ஆகாதாம், பொம்பளைப் பிள்ளை.

பிப்ரவரி 4, புதன்

பேப்பர் மாற்றினது பகல் பன்னிரண்டு. வெயில். காற்று கம்பெனிப் பக்கமிருந்து. பிசின் கருகின வாசனை, நாக்கில் ஒட்டுகிற வாசனை.

அந்த மாடியில் நிற்க முடியவில்லை. எல்லாம் ஞாபகம்.

அக்கா கோயிலுக்குப் பீடத் துணி துவைத்துக் கொடுப்பாள். வெள்ளை வெளேர் துணி. சொட்டு நீலம் போட்டு இந்தக் கொடியில்தான் காயப்போடுவாள். மூணு வருஷம் முன்னாடி, மெஷின் வைத்த இரண்டாம் நாள், ஒரு துணியை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள். "இன்னாம்மா இது, மொளகு தூவுன மாரி கீது?" ஊதினால் போகவில்லை. தேய்த்தால் கோடு இழுத்தது. அதற்கப்புறம் பீடத் துணியை மட்டும் வீட்டுக்குள் ஃபேன் போட்டுத்தான் உலர்த்தினாள்.

மெஷின் எப்படி வேலை செய்யும் என்று கேட்டாள். பேப்பரை எடை போடுவோம், ஒரு நாள் முழுக்க இது காற்றை உறிஞ்சும், திரும்ப எடை போடுவோம், கூடின எடைதான் தூசு என்று சொன்னேன். "அப்போ அந்தக் கூடுதல்தான் நாங்க முழுங்கறது" என்றாள். நான் காலேஜில் ஒரு செமஸ்டர் படித்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

கடைசி நாள் மெஷினைக் கழற்றும்போது கேட்டாள், காத்து எப்படிக் கீது என்று. நல்லாத்தான் இருக்குக்கா என்றேன். சுண்டல் பொட்டலம் கொடுத்தனுப்பினாள். வண்டியில் அதைச் சாப்பிட்டேன். அதை எழுதாமல் விடக் கூடாது.

இன்று நடந்தது. பேப்பர் மாட்டி நட்டு திருகிக்கொண்டிருந்தேன். படிக்கட்டுப் பக்கம் இருமல். இரண்டு சின்ன இருமல், ஒரு நிறுத்தம், அப்புறம் ஒரு நீள இருமல். அக்கா மாடி ஏறும்போது அப்படித்தான் வருவாள். ஆறாவது படியில் நின்று.

திரும்பிப் பார்த்தேன். படியில் யாருமில்லை.

கீழே இறங்கினேன். ஆரோக்கியசாமி அண்ணன் டியூட்டிக்குப் போயிருந்தார். ஜெனிபர் வாசல் பக்கம் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். யாராவது இருமினார்களா என்று கேட்டேன். அவள் கை நின்றது.

"உங்களுக்கும் கேட்டிச்சாக்கா?"

பிறகு ஒரு வாய் ஊட்டினாள். "மத்தியானத்துல கேக்கும். மாமாவுக்கும் கேக்கும். பழகிடிச்சு. இந்நேரத்துக்குத் தானே துணி எடுக்க மேல போவாங்க."

வண்டியில் முருகேசன் அண்ணனிடம் சொல்லவில்லை. வீட்டில் இவரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்தேன், உப்பு போட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

பனி இல்லை. மின்வெட்டு ஒரு மணி நேரம்.

எடை போட்டாயிற்று. ஆறில் ஐந்து பரவாயில்லை. நாலாவது, வரம்புக்கு மேல். கொஞ்சமாக இல்லை. பார்த்தாலே தெரிகிறது, பேப்பர் ஸ்லேட்டு நிறம். மூணு வருஷம் முன்னாடி இருந்ததைவிடக் கருப்பு.

இங்கே எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்க மாட்டார்கள்.

அப்போதும் வரம்புக்கு மேல்தான் வந்தது. ரா. சார் என் மேஜைக்கே வந்து நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவசரமில்லாமல் பேசினார். மாட்டுவதற்கு முன் போட்ட எடை கொஞ்சம் அதிகமாக இருந்திருந்தால் தூசு கணக்கு குறையும், நீ எழுதும்போது தப்பாக எழுதியிருக்கலாம், ஒரு தடவை பார் என்றார். நான் தப்பாக எழுதவில்லை. அவருக்கும் தெரியும். அந்த எண்ணில் ஒரு 3 இருந்தது. இடது பக்கம் இரண்டு வளைவு மூடினால் 8. மூடினேன். ஒரு நொடி கூட ஆகவில்லை.

அது மெஷினைக் கழற்றப் போனதற்கு முந்தின நாள். வேறு யாரும் ரூமில் இல்லை. ஏசி சத்தம். சார் எழுந்து போகும்போது என் தோளைத் தட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது.

அக்கா செத்ததற்கு அந்தத் தூசுதான் காரணமா? தெரியாது. எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. அந்தத் தெரியாதுக்குள் ஒளிந்துகொள்ள எனக்கு இடம் இருக்கிறது. இன்று முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

சார் கூப்பிட்டார். ரிசல்ட் பார்த்துவிட்டார். எடை பற்றி இந்தத் தடவை பேசவே இல்லை. வேறு வழி வைத்திருந்தார்.

"எண்ணை மாத்த வேணாம் எஸ்தர். உள்ளதையே போடு. கீழ ஒரு வரி எழுது. அந்த வீட்ல விறகு அடுப்பு, அந்தப் புகைதான்னு. முடிஞ்சுபோச்சு."

அந்த வீட்டில் கேஸ் அடுப்புதான் சார், நான் பார்த்தேன் என்றேன்.

"வாரியத்திலேர்ந்து வந்து அடுப்பையா பார்க்கப் போறாங்க?"

அக்கா சமைத்த புகையில் அக்கா இருமினாள். அதைத்தான் எழுதச் சொல்கிறார். திங்கட்கிழமை வரைக்கும் டைம் கேட்டேன். சரிம்மா என்றார்.

கெட்ட மனுஷர் என்று எழுத வரவில்லை. அப்பா ஐ.சி.யு.வில் இருந்தபோது ராவும் பகலுமாக வண்டி கொடுத்தவர். அடக்கத்துக்கு வந்து மண் போட்டவர். ஃபவுண்டரியிலும் யாரும் என்னை மிரட்டவில்லை. அவர்களுடைய என்விரான்மென்ட் ஆபீசர் ஒவ்வொரு தடவையும் டீ சாப்பிட்டீங்களா மேடம் என்று கேட்பார்.

மத்தியானம் லேபில், மேஜையில், இருமல். இரண்டு, நிறுத்தம், ஒன்று. திரும்பிப் பார்த்தேன். ஸ்டோர் பெண் மட்டும் இருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

பிப்ரவரி 7, சனி

அரை நாள் லேப். பழைய நோட்டுகள் இருக்கிற பீரோவைத் திறந்தேன். மூணு வருஷம் முன்னாடி நோட்டு, நாலாவது இடம், என் கையெழுத்து. 3 வெளிறிவிட்டது. நான் மூடின இரண்டு வளைவும் அப்படியே கருப்பாக. வேறு பேனா எடுத்திருக்கிறேன் அன்று. அது எனக்கு ஞாபகமே இல்லை. குழந்தை பார்த்தாலும் கண்டுபிடிக்கும். மூணு வருஷமாக யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

போனில் படம் எடுத்துக்கொண்டேன். முதல் படம் மங்கல். இரண்டாவது சரி.

சாயந்திரம் இவரிடம் எல்லாம் சொன்னேன். இவர் ஆக்ஸில் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து வந்து ஷூவைக் கூடக் கழற்றவில்லை, அப்படியே கேட்டார். முடித்ததும் ஷூவைக் கழற்றினார். ரொம்ப நேரம் சாக்ஸைக் கையிலேயே வைத்திருந்தார்.

"தம்பியை நெனச்சியா?"

இவர் தம்பி அதே ஃபவுண்டரியில் கான்ட்ராக்ட், ஏழு வருஷம். புது உலை வந்தால் பர்மனென்ட் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அவனுக்கும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நினைத்தேன் என்றேன். நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. இவர் கேட்ட பிறகுதான் நினைத்தேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

பாப்பா உள்ளே சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள், உயிரியல். நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி அதைக் கேட்டோம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி, பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். மெஷின் இல்லாமல் அந்த வீட்டுக்குப் போனது முதல் தடவை. அவர்கள் பூசை முடிந்து வந்திருந்தார்கள். கறிக்குழம்பு வாசனை. ஜெனிபர் சாப்பிடக் கூப்பிட்டாள்.

நின்றபடியே சொல்லிவிட்டேன். 3, 8, எல்லாம். போனில் இருந்த படத்தையும் காட்டினேன். அன்றைக்கு அக்காவிடம் நான் சொன்னது பொய் அண்ணா என்றேன்.

ஆரோக்கியசாமி அண்ணன் படத்தைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். போனை என் கையில் கொடுத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஃபேன் ரெகுலேட்டர் பக்கம் போய் அதைக் கொஞ்சம் கூட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது. அவளாண்ட சொல்லு."

மேலே கையைக் காட்டினார்.

ஏறினேன். நேரம் சரியாகப் பன்னிரண்டரை. மாடியில் எங்கள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஆறாவது நாள். அதை அணைத்தேன். அணைத்ததும் ஊரே அமைதியான மாதிரி. கொடி காலி. வெறுங்காலில் சுட்டது.

வாய்விட்டுச் சொன்னேன். எந்த நாள், எந்த எண், எந்தப் பேனா. சுண்டல் சாப்பிட்டதையும் சொன்னேன். மன்னிச்சுக்கோ என்று கேட்க வாய் வரவில்லை, கேட்கவில்லை. சொல்லி முடித்துக் காத்திருந்தேன்.

இருமல் கேட்கவில்லை. காது கூர்மையாக்கி நின்றேன், ஒன்றுமில்லை. கேட்டிருந்தால் தேவலை. அந்த வீட்டில் இத்தனை நாளில் அந்த நேரம்தான் ரொம்பப் பயமாக இருந்தது.

இறங்கும்போது படிக்கட்டு அடியில் ஜெனிபர். எல்லாம் கேட்டிருக்கிறாள். கண் கலங்கவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"அத்தை கடைசி வரைக்கும் ஜன்னலத் தொறந்துதான் வெச்சாங்க. மூச்சுக்கு நல்ல காத்து வரட்டும்னு. மூடலாம் அத்தைன்னு நான் சொல்வேன். மெஷின் பொண்ணு பார்த்துச் சொல்லிச்சு, காத்து மேல குத்தமில்லன்னுவாங்க." அப்புறம், "இனிமே வூட்டுக்குள்ள வராதீங்கக்கா" என்றாள்.

அக்கா என்றுதான் அப்போதும் சொன்னாள்.

பிப்ரவரி 9, திங்கள்

மேகம். மழை இல்லை.

நாலாவது இடம், உள்ளபடி எழுதி, கையெழுத்துப் போட்டு, சார் மேஜையில் வைத்தேன். அடியில் விறகு அடுப்பு வரி இல்லை. அந்த இடத்தில், வீட்டில் கேஸ் அடுப்பு, காற்று உலைப் பக்கமிருந்து, என்று எழுதினேன்.

சார் படித்தார். வேறு ஆளை வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். அப்புறம் பழைய நோட்டு விஷயத்தைச் சொன்னேன். வாரியத்துக்கு எழுதப் போகிறேன் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா யோசி. அந்த நோட்டுல உன் கையெழுத்து. ரிப்போர்ட்ல உன் கையெழுத்து. நான் வாயால சொன்னது எங்கயும் இல்ல. மாட்டறது நீ மட்டும்தான்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. என் மேல் அக்கறையாகத்தான் சொன்னார். அதில் ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை.

வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். பதினோரு வருஷம். டிராயரில் இருந்தது: சீப்பு, பாப்பாவின் பழைய ஐடி கார்டு, தலைவலி மாத்திரை, குடை. பையில் போட்டுக்கொண்டேன். முருகேசன் அண்ணன் பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில் விட்டார். இறங்கும்போது மட்டும், "போன் பண்ணுங்க மேடம், என்ன வேணும்னாலும்" என்றார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இரண்டு பக்கம், கையால், தமிழில். நாலு தடவை கிழித்து ஐந்தாவது. என் பெயர், என் வேலை, நான் செய்தது. சார் சொன்னதையும் எழுதினேன், நிரூபிக்க முடியாது என்பதையும் எழுதினேன். நோட்டுப் பக்கத்தின் படம் பிரிண்ட் போட்டு இணைத்தேன்.

மாவட்ட ஆபீசில் தபால் வாங்குகிறவர் நகல் கேட்டார், நகலில் சீல் வைத்துக் கொடுத்தார். ஐந்து நிமிஷ வேலை. வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடித்தேன். வாந்தி எடுத்துவிட்டேன், ரோட்டோரமாக. ஒரு பூக்காரம்மா தண்ணீர் கொடுத்தாள்.

இவர் கேட்டார், கொடுத்துட்டியா என்று. ஆமாம் என்றேன். தட்டு எடுத்து வைத்தார் எனக்கும் சேர்த்து. கொழுந்தனார் போனை எடுக்கவில்லை, மூணு தடவை.

பிப்ரவரி 13, வெள்ளி

வீட்டில். துணி. பாத்ரூம் கழுவினேன். பாப்பாவுக்கு இட்லி உப்புமா.

மத்தியானம் பன்னிரண்டு ஆனால் உடம்பு தானாக நிமிர்கிறது. வீட்டு டி.வி.யை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன். இங்கே, இவ்வளவு தூரத்தில், எப்படிக் கேட்கும். பக்கத்து வீட்டுத் தாத்தா இருமினார் ஒரு நாள். தட்டு கீழே விழுந்துவிட்டது.

பிப்ரவரி 17, செவ்வாய்

போன். வாரியத்திலிருந்து உதவிப் பொறியாளர், ஏ.இ., பெண் குரல். என் கடிதம் படித்தாராம். நாளைக்கு அவர்களே மெஷின் வைக்கிறார்களாம். இடத்தைக் காட்ட நான் வரணும்.

வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் மேடம் என்றேன். வெளியே நின்று காட்டுங்க போதும் என்றார்.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். ஆரோக்கியசாமி அண்ணன் நெற்றியில் சாம்பல் சிலுவை. ஜெனிபர் நெற்றியிலும். குழந்தை நெற்றியில் பாதி அழிந்து.

நான் தெருவில் நின்றேன். ஏ.இ. மேடம், நாற்பது வயசு இருக்கும், களைத்த முகம், தானே படி ஏறி இடம் பார்த்தார். மெஷின் ஓட ஆரம்பித்தது.

எனக்கு ஏதோ இடித்தது. தெருவில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். கருகின வாசனை இல்லை. புகைபோக்கியைப் பார்த்தேன். மொட்டையாக நின்றது. ஒரு இழை கூட இல்லை.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். உலையை நிறுத்திவிட்டார்கள்.

பிப்ரவரி 19, வியாழன்

காலை பத்து. ஏ.இ. மேடம் பேப்பரைக் கழற்றினார். கீழே தெருவுக்கே கொண்டு வந்து எனக்குக் காட்டினார். ஏறக்குறைய வெள்ளை.

என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். பொய்ப் புகார் கொடுத்தவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. உலை நின்றிருக்கிறது மேடம் என்றேன். பராமரிப்புக்கு நிறுத்தியதாகக் கம்பெனியில் கடிதம் கொடுத்திருக்கிறார்களாம். கடிதம் சரியாகத்தான் இருக்கிறதாம்.

மெஷினை இறக்க ஆட்கள் படி ஏறினார்கள். ஜெனிபர் குழந்தையோடு ஆறாவது படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது இங்கயே இருக்கட்டும் மேடம். எத்தனை நாளைக்கு உலைய நிறுத்தி வெப்பாங்க? லாரி லாரியா ஆர்டர் கீது அவங்களுக்கு. கரண்ட் எங்க வூட்டுது, நாங்க குடுக்கறோம்."

ஆரோக்கியசாமி அண்ணன் வந்து அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். எதிர் வீட்டு அம்மா ஒருத்தி, அப்புறம் இன்னும் இரண்டு பேர். கோஷம் கிடையாது, கத்தல் கிடையாது. படியில் இடமில்லாமல் உட்கார்ந்தார்கள். ஒருத்தி அரிசி முறத்தோடு வந்து கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

ஏ.இ. மேடம் வேப்பமரத்தடிக்குப் போய்ப் போனில் பேசினார். மேலதிகாரி போல. கால் மணி நேரம். திரும்பி வந்து ஆட்களிடம் புது பேப்பர் மாட்டச் சொன்னார். ஜெனிபர் எழுந்து வழி விட்டாள்.

அவள் என் பக்கம் பார்க்கவில்லை. நான் கடைசி பஸ் வரைக்கும் வேப்பமரத்தடியிலேயே இருந்தேன்.

பிப்ரவரி 21, சனி

லேசான பனி. காலை ஆறரைக்கே ஆரோக்கியசாமி அண்ணன் போன். என் நம்பர் அவரிடம் எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை. "பத்த வெச்சிட்டானுங்கம்மா" என்றார். வைத்துவிட்டார்.

இவர் பைக்கில் கொண்டு விட்டார். தானாகவே சாவியை எடுத்தார். தூரத்திலேயே தெரிந்தது, பனிக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தூண்.

சாயந்திரம் ஏ.இ. மேடம் பேப்பரைக் கழற்றினார். நல்ல கருப்பு. எடை அவர்கள் லேபில்தான், ஆனாலும் அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. புது உலைக்கான விண்ணப்பத்தை நிறுத்தி வைப்பார்களாம். ஓடுகிற உலைக்கும் நோட்டீஸ் போகும். பழைய அறிக்கை மேல் விசாரணை. ரா. சாரையும் கூப்பிடுவார்கள், என்னையும். "உங்க மேல நடவடிக்கை இருக்கும், அதைத் தடுக்க என்னால ஆகாது" என்றார். தெரியும் மேடம் என்றேன். கொழுந்தனாருக்குப் பர்மனென்ட் இனி இல்லை. அதையும் நான்தான் போய்ச் சொல்லணும்.

படிவம் எடுத்தார். தெருவில், ஜீப் பானெட்டில் வைத்துத்தான் எழுதினார். அதில் இரண்டு கட்டம். புகார் கொடுத்தவர் என்று ஒன்று. யார் மேல் புகார் என்று ஒன்று. என் பெயரை எதில் எழுதுவது என்று பேனாவோடு நின்றார்.

ரெண்டுலயும் எழுதுங்க என்றேன்.

எழுதினார். இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். தூசு விழுந்துகொண்டே இருந்தது, தாளைத் தட்டித் தட்டிப் போட்டேன்.